கஸ்தெராவுக்கு நாலு ஓரம்

பிப்ரவரி 2, திங்கள்

தம்பி எடிசன் கிறிஸ்துமஸ் பார்சலில் மிளகாய்த்தூளோடு சேர்த்து அனுப்பிய டைரி இது. பக்கத்தைப் புரட்டினால் தும்மல் வருகிறது. ஜனவரி முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்றும் நடக்கவில்லை, ஆனால் பேனா கிடைத்துவிட்டது.

பின்னால் யாராவது எடுத்துப் படித்தால் தலையும் வாலும் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நான் ஜெரோம் மச்சாடு, வயது நாற்பத்தெட்டு, தூத்துக்குடியில் மச்சாடு மக்ரூன் கடை முதலாளி. மனைவி டெல்பின் மீன்வளக் கல்லூரியில் பேராசிரியை. கணவாய் மீன் ஏன் நிறம் மாறுகிறது என்று ஆராய்ச்சி செய்ய, ஜப்பானில் நாகசாகி ஊர்ப் பல்கலைக்கழகம் அவளை ஆறு மாதத்துக்கு அழைத்தது. மார்ச் 31 முடிவு. ஏப்ரல் 2 விமானம்.

என்னை யாரும் அழைக்கவில்லை. டெல்பினும்தான். தாலி கட்டியவனுக்கு எதற்குத் தனி அழைப்பு என்று நானாகப் பெட்டியைக் கட்டிவிட்டேன். ஊரில் கேட்டவர்களிடம், "அங்க கஸ்தெரான்னு ஒரு கேக் போடுதாங்களாம், தொழில் விஷயமாப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி வந்தேன். வந்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் பார்க்கவில்லை.

துணி துவைத்தேன். எரிகிற குப்பையை இறக்கினேன். வீட்டுக்குத் தொண்ணூற்றாறு படி. ஏறும்போது மூன்று இடத்தில் நின்றேன். இந்த ஊர்ப் பூனைகளுக்கு வால் வளைந்திருக்கும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதற்காகத்தான் நிற்பது.

பிப்ரவரி 4, புதன்

கஸ்தெரா தானாகவே படியேறி வந்தது. படிக்கட்டின் அடியில் இருக்கும் கீழ்வீட்டு இவனாகாசான் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். பேர் இவனாகா, 'சான்' இந்த ஊர் மரியாதை. ஐம்பது வயதுப் பெண்மணி, கேக் தொழிற்சாலையில் வேலை. எங்களுக்குள் பொது மொழி கிடையாது. அவருடைய போன் அவர் பேசுவதைத் தமிழாக்கிச் சொல்லும். தமிழ் என்றால் சாதாரணத் தமிழ் இல்லை. "மதிப்பிற்குரிய அண்டை வீட்டாரே, இவை எளிய ஓரங்கள், இகழாது ஏற்றருள்க" என்றது.

விஷயம் இதுதான். கஸ்தெராவைப் பெரிய பாளமாகச் சுட்டு, பெட்டியில் அடங்குவதற்காக நாலு பக்கமும் ஓரத்தைச் சீவி எடுத்துவிடுவார்கள். இவனாகாசானுக்கு அந்தச் சீவுகிற வேலை. சீவிய ஓரங்களைத் தனியாக மலிவு விலைக்கு விற்பார்களாம், அதற்குக் கடை திறக்கும் முன்பே வரிசை நிற்குமாம்.

வெண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லை, சோடா இல்லை. முட்டை, சர்க்கரை, மாவு, கொஞ்சம் பாகு, அவ்வளவே. அடியில் பெரிய சர்க்கரை மணிகள் பல்லில் நறநறத்தன. நானூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது என்றார். அவர்கள் எங்கள் கரைக்கும் வந்தவர்கள்தான். எங்களுக்கு மச்சாடு என்ற பேரை விட்டுப்போனார்கள். மக்ரூனும் அவர்கள் விட்டுப்போனதுதான் என்று எங்கள் தெருவில் பேச்சு. அந்த முறைக்கு, கஸ்தெராவும் மக்ரூனும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள்.

டெல்பின் சாயங்காலம் வந்து ஐந்து துண்டு தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். நான் செய்த எதையும் அவள் கண்ணை மூடித் தின்று பார்த்ததில்லை.

"ஓரம்னா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "கடல் தாண்டி வந்தும் எனக்கு ஓரந்தான் வாய்ச்சிருக்கு."

என்ன சிரிப்போ. பாத்திரம் கழுவினேன்.

பிப்ரவரி 7, சனி

இதை நானே போடுவது என்று முடிவு. மூன்று தலைமுறை பேக்கரிக்காரனுக்கு ஒரு கேக் எம்மாத்திரம்? இந்த வீட்டில் மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்த ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஒரு கோழியை உட்காரவைத்தால் முழங்கால் இடிக்கும்.

அரை மணியில் அழகாக எழும்பியது. எடுத்து வைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் உட்கார்ந்துவிட்டது.

ஒரு நன்மை. முந்திரியும் சர்க்கரையும் சேர்த்துச் சுடுகிற மக்ரூனுக்கு முட்டையில் வெள்ளைக்கரு மட்டும்தான் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வெள்ளை கடைக்கு, மஞ்சள் வீட்டுக்கு. கஸ்தெராவுக்கு முழு முட்டையும் போட்டு, மேற்கொண்டு இரண்டு மஞ்சக்கருவும் போட வேண்டும். "இன்னைக்கு மஞ்சக்கருக் குழம்பு கிடையாது" என்றேன். டெல்பின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே, பத்தொன்பது வருஷம் கழிச்சு ஒருவழியா."

பிப்ரவரி 8, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை. அப்புறம் எடிசனுக்குப் போன். நான் இல்லாமல் கடை எப்படித் திண்டாடுகிறது என்று விசாரித்தேன்.

"ஒண்ணும் கவலப்படாதண்ணே. நீ இருந்தப்பவிட வரிசை நீளமா நிக்குது. டப்பாவுக்குப் புது கலர் மாத்திட்டேன். பழைய பச்சை என்னமோ பூச்சிமருந்து மாதிரி இருந்துச்சு."

பச்சை நான் தேர்ந்தெடுத்தது. தம்பி நன்றாக வருகிறான், எனக்கு ரொம்ப சந்தோஷம். இரண்டு லோடு துணி துவைத்தேன். ஜன்னல் கம்பிகளையும் துடைத்தேன். அழுக்கு இருந்தது என்று இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

இரண்டாம் கஸ்தெரா. இந்த முறை உட்காரவில்லை, உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. "நண்டு வளை தோண்டுன மாதிரி இருக்கு" என்றாள் கடல் படித்தவள்.

அவள் தூங்கப் போன பிறகு பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். கதவில் காந்தம் வைத்து ஒரு கடிதம். பல்கலைக்கழகத்திலிருந்து. ஆங்கிலம் எனக்கு இந்த அளவுக்கு வரும்: ஆராய்ச்சி சிறப்பாக இருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா, மார்ச் 19 சாயங்காலத்துக்குள் தெரிவிக்கவும். தேதி பார்த்தேன், வந்து ஆறு நாள் ஆகிறது.

அவள் சொல்லவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. என் தொழில் முறை அப்படி. மக்ரூன் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக இருக்க வேண்டியது. நடுவில் கதவைத் திறந்தால் காரியம் கெட்டது. "வச்சத வேகவிடு. திறந்து பாக்கிறவன் திங்கமாட்டான்" என்பார் அப்பா. வீட்டுச் சங்கதிகளையும் நான் அப்படியே மூடி வைத்துவிடுவேன். தானாக வெந்துவிடும்.

என்னை விட்டுவிட்டு இங்கே தங்கப்போகிறாளோ என்று ஒரு எண்ணம் வந்தது. பால் பொங்கி வழிந்துவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

மழை. துணி காயவில்லை. அவள் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கினோம். ஈஸ்டர் வரைக்கும் சர்க்கரை தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன்.

"அப்ப நீங்க போடுற கேக்கை யாரு ருசி பாக்குறது?"

யோசிக்காமல் நேர்ந்துவிட்டேன்.

படியில் நாலு இடத்தில் நின்றேன். பூனைகள் அதிகமாகிவிட்டன.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆறாம் கஸ்தெரா. இவனாகாசானை மேலே அழைத்து வந்து பார்க்கச் சொன்னேன். மாவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போன் சொன்னது: "மூன்று நிமிடங்கள் கழிந்தன. தயைகூர்ந்து கதவைத் திறந்து, நுரையை வெட்டுங்கள்."

திறக்கவா? வேகும்போதா? "எங்கப்பா இருந்தா விறகுக்கட்டையத் தூக்கியிருப்பாரு" என்றேன். போன் என்ன மொழிபெயர்த்ததோ, அவர் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார், கட்டையோடு யாராவது நிற்கிறார்களா என்று.

நான் திறக்கவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேக் எழும்பியது, வெடித்தது, நடுவில் உட்கார்ந்தது. "இரங்கல்கள்" என்றது போன்.

மார்ச் 3, செவ்வாய்

இன்று நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். நியாயம் யார் பக்கம் என்று தெரிய வேண்டும்.

எட்டாம் கஸ்தெரா, பரவாயில்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் ஒழுங்காக வந்திருந்தது. ஒழுங்கான பக்கத்தை நேராக அறுத்து, காகிதம் சுற்றி, இவனாகாசானுக்கு என்று எடுத்துவைத்தேன். பள்ளமான துண்டை டெல்பின் தட்டில் போட்டேன். வெளியாளுக்கு நல்லதைக் கொடுப்பதுதானே முறை?

டெல்பின் தட்டைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னங்க, பத்தொன்பது வருஷத்துல ஒரு முழு மக்ரூன் என் கையில வந்ததில்ல. தெரியுமா உங்களுக்கு?"

"கடைக்காரன் வீட்டுல அப்படித்தான். நொறுங்குனதத்தான் வீட்டுக்கு எடுப்போம். எங்கம்மாவும் அதத்தான் தின்னாங்க. நல்லது விக்கதுக்கு."

"நான் குத்தம் சொல்லல. தெரியுமான்னுதான் கேட்டேன்."

போய்ப் படுத்துவிட்டாள். நான் பத்தொன்பது வருஷத்தையும் யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு ஒருமுறையாவது முழு மக்ரூன் கொடுத்திருப்பேன், இல்லாமலா? அவள் டாக்டர் பட்டம் வாங்கிய அன்று கல்லூரிக்கு இருபது டப்பா அனுப்பினேன். வீட்டுக்கு வந்தது நொறுங்கல். முதல் கல்யாண நாள், நொறுங்கல். கல்யாணத்தன்று நிச்சயம் கொடுத்திருப்பேன் என்று நினைத்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. பந்தியில் கடைசி வரிசைக்கு மக்ரூன் பற்றவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் நானே எழுந்து வந்து, பெண்ணின் தட்டிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பரிமாறினேன். எல்லாரும் கை தட்டினார்கள், பொறுப்பான பையன் என்று.

அவள் கை தட்டினாளா என்று ஞாபகமில்லை.

நியாயம் என் பக்கம் இல்லை.

மார்ச் 5, வியாழன்

பிளாஸ்டிக் குப்பை. கடிதம் காந்தத்துக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

மார்ச் 14, சனி

மார்ச் 19 டெல்பின் பிறந்தநாள், சூசையப்பர் திருநாளும் அன்றுதான், கடிதத்தின் கெடுவும் அன்றுதான். அன்றைக்கு ஒரு முழுக் கஸ்தெரா, பள்ளமில்லாமல், வெடிப்பில்லாமல், அவள் ஒருத்திக்கு. இவனாகாசான் வீட்டுக் கதவைத் தட்டி, தலையைத் தாழ்த்தி, "திறக்கிறேன்" என்றேன். போன் கூட அதை ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது.

அவர் வீட்டு ஓவனில் செய்து காட்டினார். தகரத்தில் சுட்டால் ஓரம் காய்ந்துவிடுமாம், அதனால் செய்தித்தாளை நாலைந்து மடிப்பாக மடித்துச் சட்டம் கட்டினார். அதன்மேல் ஃபாயில், உள்ளே வெண்ணெய்க் காகிதம். மாவை ஊற்றி உள்ளே வைத்தார். மூன்று நிமிடத்தில் கதவைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கரண்டியால் மாவை இப்படியும் அப்படியும் மெதுவாகக் கலக்கிவிட்டு மூடினார். மறுபடி திறந்தார், கலக்கினார், மூடினார். மறுபடியும். ஓரம் சீக்கிரம் சூடாகும், நடு பச்சையாகவே கிடக்கும், கலக்கிவிட்டால்தான் எல்லா இடத்துக்கும் ஒரே சூடு போகும் என்று விளக்கினார்.

வெந்து வந்தது மேசைமாதிரி மட்டமாக இருந்தது. எனக்கு அப்பாமேல் கொஞ்சம் கோபம் வந்தது. பாவம், அவர் மக்ரூனுக்குச் சொன்னார். நான்தான் அதை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 18, புதன்

டெல்பின் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனதும் ஆரம்பித்தேன். சட்டம் கட்டும்போது செய்தித்தாள் ஒரு மடிப்புக் குறைந்தது. அவள் மேசையோரம் பழைய காகிதக் கட்டு இருந்தது, கணவாய்க் கணக்கெல்லாம் போட்டு எறிய வைத்திருப்பது. அதிலிருந்து தடிமனாக நாலு தாளை உருவி மடித்து வைத்தேன். சட்டம் கல்லாக நின்றது.

மூன்று முறை திறந்தேன். முதல் முறை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு திறந்தேன். மூன்றாம் முறை விசில் அடித்துக்கொண்டு திறந்தேன்.

மட்டம். வெடிப்பே இல்லை. ஒரு நாள் மூடி வைத்தால்தான் ஈரம் பரவும் என்பதால் சட்டத்தோடு சுற்றி, அலமாரி உச்சியில், அவள் கை எட்டாத இடத்தில் வைத்தேன்.

இன்னொன்றும் முடிவு செய்தேன். நாளைக்குக் கேக்கைக் கொடுத்துவிட்டு நானே பேச்சை எடுப்பேன். "நீ இரு. நான் போய்க் கடையைப் பாத்துக்கிறேன். சந்தோஷமாத்தான் சொல்லுதேன்." கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினேன். இரண்டு முறை நன்றாக வந்தது. மூன்றாம் முறை 'சந்தோஷமா'வைத் தாண்ட முடியவில்லை. சந்தோஷம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

காலை ஆறு மணிக்கு வீட்டில் ஏதோ உருளுகிற சத்தம். எழுந்து பார்த்தால், டெல்பின் தன் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இங்க ஒரு ஃபாரம் வச்சிருந்தேன், நாலு பக்கம். நீங்க பாத்தீங்களா? இன்னைக்குச் சாயந்திரம் கடைசி. மூணு பேர் முத்திரை போட்டது, திரும்ப வாங்கவும் முடியாது."

"எப்படி இருக்கும்?"

"தடிமனா இருக்கும்."

ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி உச்சியிலிருந்து பொட்டலத்தை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடி முன்னால் பழகியது ஒன்றுகூட வரவில்லை.

"பிறந்தநாள் வாழ்த்து டெல்பின். உன் ஃபாரம் இதுக்குள்ளதான் வெந்திருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். கேக்கைப் பார்த்தாள். உட்கார்ந்து ஃபாயிலைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் செய்தித்தாளை மடிப்பு மடிப்பாக உரித்தேன். ஃபாரம் ஓரமெல்லாம் சிவந்து, முறுகலாக, ஒரு மூலையில் பாகு ஒட்டி வந்தது. கிழியவில்லை. நாலு பக்கத்தையும் மேசைமேல் வைத்துக் கையால் தேய்த்து நிமிர்த்தினேன். அப்போதுதான் படித்தேன். இரண்டு வருஷத்துக்கு வீடு கேட்கும் விண்ணப்பம். டெல்பின் கையெழுத்து.

தங்குவோர்: இருவர்.

கணவர் தொழில்: பேக்கரி.

வீட்டில் அவசியம் வேண்டியது: சமையலறையில் பெரிய ஓவன் வைக்க இடம்.

பிற குறிப்புகள்: படிகள் குறைவாக இருந்தால் நல்லது. கணவருக்கு முழங்கால் வலி. அவர் சொல்லமாட்டார்.

நான் மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கடைன்னு சொல்லுவீங்க. நான் சரின்னு பெட்டியக் கட்டிருவேன். எப்பவும் அப்படித்தான நடக்கு? அதான் முதல்ல வீடு கிடைக்குதான்னு பாத்துட்டு, ஓவனைக் காட்டிக் கூப்பிடலாம்னு இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க ஏன் கேக்கல? லெட்டரை உங்க கண்ணு முன்னால ஃபிரிட்ஜுலதான வச்சேன்? படிச்சுட்டுக் கேப்பீங்கன்னு ஒன்றரை மாசமா வச்சிருக்கேன்."

"நான் திறக்கமாட்டேன்ல" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுத வெட்கமாக இல்லை. அவள் சிரித்தாள், அப்புறம் அவளும் அழுதாள்.

கத்தியை வெந்நீரில் நனைத்து, கஸ்தெராவின் நாலு ஓரத்தையும் நேராகச் சீவினேன். நடுவிலிருந்து ஒரு முழுத் துண்டு, ஒரு பொட்டு நொறுங்காமல், அவள் தட்டில் வைத்தேன். அவள் அதை உடனே தின்னவில்லை. தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

சீவிய ஓரங்களை என் பக்கம் தள்ளினாள். "உங்களுக்கு."

சூசையப்பர் திருநாளில் விரதம் கிடையாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு தின்றேன். ஓரம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பத்தொன்பது வருஷம் தின்கிற அளவுக்கு இல்லை.

ஃபாரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனாள். அலுவலகப் பெண் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து வணங்கி, ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினாராம்.

மார்ச் 20, வெள்ளி

எடிசனிடம் சொன்னேன், இரண்டு வருஷம் கடை அவன் பொறுப்பு என்று. "அப்ப உன் நாற்காலிய மாத்திக்கலாமாண்ணே? ஒரு கால் ஆடுது" என்றான். மாத்திக்கோ என்றேன். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். இன்றைக்குச் சுடுவதில் நொறுங்காத மக்ரூனாகப் பார்த்து ஒரு டப்பா எடுத்து, அவன் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டுத்தான் கடையைத் திறக்க வேண்டும்.

இவனாகாசானுக்கு மிச்ச நடுத் துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். "என் வாழ்நாளில் எனக்கு ஓரமற்ற துண்டு கிடைப்பது அரிது" என்றது போன்.

திரும்பும்போது தொண்ணூற்றாறு படி. மூன்று இடத்தில் நின்றேன். பூனை எதுவும் இல்லை. முழங்கால் வலிக்கிறது என்றேன். டெல்பினும் நின்றாள்.